1976 அர்மன்யாக் பாட்டில் ஒண்ணு கைல இருக்கு, திறக்கலாமா வைக்கலாமா?

தூலூஸ்வாசி:
வணக்கம் மக்களே, இவ்வளவு நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் கேக்கறதுக்கு ஒரு விஷயம் வந்திருக்கு. எங்க அண்ணன் பொறந்தது 1976ல, இந்த வருஷம் 50 முடியுது. நான் இருக்கிறது தூலூஸ்ல, இங்கிருந்து மேற்கால கார்ல ரெண்டு மணி நேரம் போனா ஓஸ்னு ஒரு சின்ன ஊரு, அர்மன்யாக் பிராந்தி வடிக்கிற பகுதிக்கு நடுவுல இருக்கு. அங்க ஒரு குடும்பத் தோட்டத்துல 1976 போட்ட பாட்டில் கிடைச்சுது, அண்ணனுக்குன்னு வாங்கிட்டேன்.

லேபிள் கையால எழுதினது, பா-அர்மன்யாக் (அர்மன்யாக்குக்குள்ள ஒரு உட்பகுதி பேரு), 1976, ஆல்கஹால் 44 சதவீதம், 2006 மார்ச்ல பாட்டில் பண்ணதுன்னு இருக்கு. மூடி மேல கருப்பு மெழுகு. உள்ள அளவு கழுத்துக்கு கொஞ்சம் கீழ இருக்கு. அண்ணன் அடுத்த மாசம் இங்க வர்றான், அப்பவே திறக்கலாமா இல்ல இன்னும் பத்து வருஷம் வெச்சா இன்னும் நல்லா வருமா? திறந்தா எப்படி குடிக்கணும்? எனக்கு இந்த விஷயத்துல சுத்தமா பழக்கம் இல்ல, விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரெண்டு_விரல்:
வைங்க பாஸ். 1976 இனிமே வரப்போறதில்ல, இருக்கிற பாட்டில் எல்லாம் ஒவ்வொண்ணா காலியாகிட்டே போகுது, விலை ஏறத்தான் செய்யும். அண்ணனுக்கு 60 வரும்போது திறங்க, அப்ப அது 60 வருஷத்து சரக்கு ஆயிருக்கும், அந்த டேஸ்ட்டே வேற லெவல்ல இருக்கும்.

பீப்பாய்காரன்:
விலை ஏறும்னு சொன்னது சரி, ஆனா 60 வருஷத்து சரக்கு ஆகும்ங்கறத நான் ஒத்துக்க மாட்டேன், இத தெளிவா பேசிடணும், ஏன்னா பழைய பிராந்தி வாங்கற முக்காவாசி பேரு இங்கதான் காச விடுறாங்க. பிராந்திக்கு வயசு ஏறறது மரத்துல இருக்கிற வரைக்கும்தான். கண்ணாடிக்குள்ள போன அன்னிக்கு வயசு நின்னுடும். ஒயின்னா பாட்டிலுக்குள்ள இருந்தபடியே மாறிட்டு இருக்கும், பிராந்தி அப்படி மாறாது, எடுத்துக்க மரமும் இல்ல, மூச்சு விட காத்தும் இல்ல.

உங்க பாட்டில் கணக்கு இப்படி: திராட்சை 1976ல பறிச்சது, அந்த குளிர்காலத்துல வடிச்சிருப்பாங்க, லேபிள்ல போடற வருஷம் அறுவடை வருஷம்தான். 2006 மார்ச்ல பாட்டிலுக்கு போயிருக்கு. ஆக அது 29 வருஷத்து பிராந்தி. அண்ணனுக்கு 50 ஆனாலும் 80 ஆனாலும் அது 29தான். வெச்சா கெட்டுப் போகாது, ஆனா நல்லாவும் ஆகாது, கார்க் வழியா கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகி அளவு வேணா குறையும். அதனால அண்ணன் வரும்போது திறங்க, காத்திருக்க ஒரு காரணமும் இல்ல.

அந்த 29 வருஷத்துல உள்ள என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சா குடிக்கும்போது இன்னும் ருசிக்கும், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன். அர்மன்யாக் பீப்பாய் பொதுவா 400 லிட்டர் கொள்ளளவு, ஓக் மரம், அந்த கஸ்கோனி பகுதி காட்டு மரத்துலயே செய்யறவங்களும் உண்டு. முதல்ல புது பீப்பாய்ல ஊத்துவாங்க, அப்ப நிறமும் துவர்ப்பும் வேகமா ஏறும், ரொம்ப நாள் அதுலயே விட்டா மரம் பிராந்திய முழுங்கிடும்னு பழைய பீப்பாய்க்கு மாத்திடுவாங்க, அதுக்கப்புறம்தான் நிதானமான வேலை, மரத்தோட இடுக்கு வழியா காத்து மெதுவா உள்ள போயி சாராயத்தோட காரம் அடங்கி வாசனைங்க ஒவ்வொண்ணா பிரிஞ்சு வரும். வருஷத்துக்கு 2லருந்து 3 சதவீதம் ஆவியாயிடும், தேவதைகளோட பங்குன்னு அங்க சொல்வாங்க. 400 லிட்டர் ஊத்தினா 29 வருஷம் கழிச்சு பாதி இருந்தாலே பெரிசு. அந்த ஆவிய தின்னு வளர்ற ஒரு கருப்பு பூஞ்சை இருக்கு, கிடங்கு சுவரு, கூரை ஓடு எல்லாம் கரி பூசின மாதிரி ஆக்கி வெச்சிருக்கும், ஓஸ் போனப்ப நீங்க பாத்திருப்பீங்களே.

44 சதவீதம்ங்கறது எனக்கு பிடிச்சிருக்கு. சட்டப்படி 40 இருந்தா போதும், நிறைய பேரு தண்ணி சேர்த்து 40க்கு இறக்கிடுவாங்க. ஈரமான கிடங்குல ஆல்கஹால் முந்திக்கிட்டு ஆவியாகும், அதனால தானாவே மெதுவா இறங்கி 44ல நின்னிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் முடிஞ்சா தோட்டக்காரர்கிட்ட கேளுங்க. பிராந்தி நல்ல பதத்துக்கு வந்துட்டா அதுக்கு மேல மரத்துல விட வேண்டாம்னு பெரிய கண்ணாடி ஜாடிக்கு மாத்தி வைக்கிற பழக்கம் அங்க உண்டு, அப்படி மாத்தின வருஷத்தோட வயசு நின்னுடும். 2006 வரைக்கும் மரமா, நடுவுல ஜாடியான்னு கேட்டா மறைக்காம சொல்லிடுவாங்க.

மதுரை_மைந்தன்:
இத படிச்சதும் திக்குனு ஆயிடுச்சு. எங்க அப்பா கல்ஃப்ல இருந்து வரும்போது வாங்கிட்டு வந்த பிரெஞ்சு கோன்யாக் விஎஸ்ஓபி ஒண்ணு 1992ல இருந்து ஷோகேஸ்ல நிக்குது, சீல் கூட உடைக்கல. வர்றவங்க எல்லாம் 30 வருஷத்து சரக்கு, லட்சக்கணக்குல போகும்னு சொல்லிட்டு போறாங்க. அப்ப அது?

பீப்பாய்காரன்:
தம்பி, விஎஸ்ஓபின்னா கலவைல இருக்கறதுலயே சின்ன பிராந்திக்கு மரத்துல நாலு வருஷம்னு அர்த்தம். 1992ல நாலு வருஷம்னா இன்னிக்கும் நாலு வருஷம்தான். லட்சம் எல்லாம் போகாது. ஆனா மதிப்பே இல்லன்னு நினைக்காதீங்க, அந்த காலத்து கலவைய இப்ப கடைல வாங்க முடியாது, அதே கம்பெனி அதே பேர்ல போட்டாலும் உள்ள இருக்கற பிராந்திங்க வேற, அந்த ஆர்வத்துல தேடி வாங்கறவங்க இருக்காங்க. ஷோகேஸ்ல வெயில் படுதான்னு பாருங்க, வெளிச்சம் நிறத்தையும் வாசனையையும் கெடுக்கும். அப்பா இருக்காருன்னா அவரோட உக்காந்து திறங்க, அவரு ஆசையா வாங்கிட்டு வந்தது.

கோன்யாக்_கட்சி:
அர்மன்யாக் நாட்டுச் சரக்கு மாதிரிதான், கரடுமுரடா இருக்கும். பிரெஞ்சு பிராந்தின்னா கோன்யாக்தான், ரெண்டு தடவ வடிக்கிறாங்க, சுத்தமா வழவழன்னு இறங்கும். உலகமே அத குடிக்குது, அர்மன்யாக்க எத்தன பேருக்கு தெரியும்?

பீப்பாய்காரன்:
நாட்டுச் சரக்குன்னு நீங்க சொல்றத நான் குறையா எடுத்துக்கல. கோன்யாக் தாமிரக் கொப்பரைல ரெண்டு தடவ வடிச்சு 70, 72 சதவீதத்துல வெளிய வரும், அர்மன்யாக் பெரும்பாலும் ஒரு கோபுரம் மாதிரி இருக்கற தாமிர வடிகலன்ல ஒரே தடவ, 52லருந்து 60 சதவீதத்துக்குள்ள வரும். குறைஞ்ச வலுவுல வந்தா திராட்சையோட எண்ணெய், கனமான வாசனைப் பொருள் எல்லாம் கூடவே வந்துடும். இளசுல அது முரட்டுத்தனமா தெரியும், அஞ்சு வருஷத்து அர்மன்யாக்க குடிச்சிட்டு நீங்க சொன்னா உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆனா அந்த கனம்தான் 25, 30 வருஷம் மரத்துல தாங்கறதுக்கு சதை. அதனாலதான் நீண்ட வயசுன்னு வந்தா நான் எப்பவும் அர்மன்யாக் பக்கம் நிப்பேன்.

இன்னொன்னு, முன்னாடி எல்லாம் சின்ன தோட்டக்காரங்ககிட்ட சொந்த வடிகலன் கிடையாது. சக்கரம் வெச்ச வடிகலன இழுத்துக்கிட்டு ஒருத்தர் குளிர்காலத்துல தோட்டம் தோட்டமா வருவாரு, விறகு அடுக்கி அடுப்ப மூட்டி ராத்திரி பகலா வடிச்சுக் குடுத்துட்டு அடுத்த தோட்டத்துக்கு போவாரு. இப்பவும் ஒரு சிலர் போறாங்க. மார்ச் 31க்குள்ள வடிச்சு முடிக்கணும்னு விதி, வெயில் ஏறினா சல்ஃபர் சேர்க்காத அந்த ஒயின் கெட்டுடும்.

திராட்சை கதையும் உண்டு. பழைய காலத்துல ஃபோல் பிளான்ஷ்னு ஒரு ரகம், 19ஆம் நூற்றாண்டு கடைசில ஃபிலாக்செரா பூச்சி கொடிகள அழிச்சதுக்கு அப்புறம் ஒட்டுக்கொடியா வெச்சா அந்த ரகம் அழுகல் நோய்ல விழுந்துச்சு. 1898ல ஃபிரான்சுவா பாக்கோன்னு ஒரு ஸ்கூல் வாத்தியாரு ஃபோல் பிளான்ஷையும் நோவாங்கற அமெரிக்க வழி ரகத்தையும் கலந்து ஒரு கலப்பு உண்டாக்கினாரு, அவர் பேர்லயே பாக்கோன்னு நிலைச்சுது. பா-அர்மன்யாக்கோட செம்மணல்ல அது நல்லா வரும். கலப்பு ரகம்னு ஒதுக்கி, 2010க்குள்ள பிடுங்கிடணும்னு கூட ஒரு கட்டத்துல இருந்துச்சு, நல்லவேளை கைவிட்டாங்க. 1970கள்ல வடிச்ச பா-அர்மன்யாக்ல பாக்கோ பெரும்பங்கு இருக்கறது சகஜம், தூலூஸ்வாசி பாட்டில்லயும் இருக்க வாய்ப்பு அதிகம்.

வருஷம் போட்ட பாட்டில் வேணும்னாலும் அர்மன்யாக்தான் சுலபம். கோன்யாக்ல கலவைதான் கலை, கிடங்கு மேஸ்திரி பல வருஷத்து பிராந்திங்கள கலந்து ஒவ்வொரு வருஷமும் அதே ருசிய கொண்டு வருவாரு, அந்த திறமைக்கு நான் தல வணங்குவேன். ஆனா வருஷம் போட்டு விக்கறதுக்கு அங்க 1960கள்லருந்து 80கள் கடைசி வரைக்கும் தடையே இருந்துச்சு, இங்கிலாந்துக்கு பீப்பாயா அனுப்பி பிரிஸ்டல்ல வயசாக்கின ஹைன் கம்பெனி கோன்யாக் மாதிரி ஒரு சில விதிவிலக்கு மட்டும்தான். 2018ல 20 கோடி பாட்டிலுக்கு மேல ஏற்றுமதி பண்ண பகுதி அது, அவங்களுக்கு ஒரே ருசி முக்கியம். அர்மன்யாக்ல ஒரு விவசாயி 1976ல ஒரு பீப்பாய ஓரமா வெச்சிட்டு மறந்தே போயிருக்கலாம், அதுதான் அதோட அழகு.

கோன்யாக்_கட்சி:
விளக்கத்துக்கு நன்றி, 25 வருஷத்துக்கு மேல போனத நான் குடிச்சதில்ல, அத ஒரு நாள் பாத்துட்டு வந்து பேசறேன். ஆனா தினப்படிக்கு என் கை கோன்யாக்குக்குதான் போகும், அதுல மாற்றம் இல்ல.

யாழ்_பாரிஸ்:
வணக்கம் தூலூஸ் தம்பி. நான் இஞ்ச பாரிஸில ரெஸ்ரோறண்ட் ஒண்டில வேலை செய்யிறன், பழைய அர்மன்யாக் போத்தல்கள் திறந்து பழக்கம் இருக்குது, அதால திறக்கிற விசயம் நான் சொல்லுறன்.

முதல்ல மெழுகு. சுத்தியலால அடிக்க வேண்டாம், கத்தி நுனியால மேல்தட்டைச் சுத்திக் கீறி மெல்லமா எடுங்கோ, பிறகு ஈரத்துணியால தூளெல்லாத்தையும் துடைச்சுப்போட்டுத்தான் கார்க்கில கை வைக்கோணும். போத்தல் நிமிந்து நிண்டபடியால கார்க் காஞ்சு பொரிஞ்சு போயிருக்கும். பிராந்திப் போத்தலை ஒருநாளும் படுக்க வைக்கக் கூடாது, உந்தச் சாராயம் கார்க்கை அரிச்சுப்போடும், அதால நிமித்தி வைக்கிறதுதான் சரி, ஆனா திறக்கேக்க கவனம். சுருள் கம்பி போட்டால் நடுவால உடையும். ரெண்டு தகடு வைச்ச திறப்பான் கடையில கிடைக்கும், கார்க்குக்கும் கண்ணாடிக்கும் இடையில ரெண்டு பக்கத்தாலயும் இறக்கி, திருப்பித் திருப்பி மேல எடுங்கோ. அப்பிடியும் உடைஞ்சு உள்ளுக்க விழுந்தால் பயப்பிட ஒண்டுமில்லை, மெல்லிய எவர்சில்வர் வடியால வடிச்சு எடுக்கலாம். கோப்பி வடிக்கிற கடுதாசி மட்டும் வேண்டாம், கடுதாசி மணம் ஏறியிடும். புதுக் கார்க் ஒண்டு முன்னமே வாங்கி வையுங்கோ.

கிளாஸ் எண்டால், படத்தில வாற பெரிய பலூன் கிளாஸ் வேண்டாம், அதில சாராய ஆவி மட்டும்தான் மூக்கில ஏறும். வாய் ஒடுங்கின ட்யூலிப் கிளாஸ் நல்லம். ரெண்டு மூண்டு சென்டிலீட்டருக்கு மேல ஊத்த வேண்டாம். ஐஸ் வேண்டாம், மெழுகுதிரியில சூடாக்கவும் வேண்டாம். ஊத்திப்போட்டு அரை மணித்தியாலம் சும்மா விடுங்கோ, இத்தினை வருசம் அடைபட்டுக் கிடந்தது, காத்துப் படட்டும். மூக்கைக் கிளாசுக்குள்ள விட வேண்டாம், விளிம்புக்கு ஒரு கை தள்ளிப் பிடிச்சு மணந்துபோட்டு, மெல்லமாக் கிட்டக் கொண்டு வாங்கோ. முதல் மிடறு வாய் பழகிறதுக்கு, ரெண்டாவதில இருந்துதான் ருசி தெரியும். வயிறு நிறையச் சாப்பிட்டாப் பிறகு குடியுங்கோ, பசியில வேண்டாம்.

சளிக்கு_ரெண்டு_ஸ்பூன்:
எனக்கு ஒரு சந்தேகம், ஊர்ல பிராந்தின்னா சளிக்கு வெந்நீர்ல ஊத்திக் குடுக்கறது, இல்லன்னா கடைல கட்டிங். அதுவும் இதுவும் ஒரே வகையா?

பீப்பாய்காரன்:
பேரு மட்டும்தான் ஒண்ணு. ஊர்ல விக்கிற மலிவு பிராந்திக்கு பெரும்பாலும் சர்க்கரை ஆலை மொலாசஸ்ல இருந்து எடுத்த ஸ்பிரிட்தான் அடிப்படை, மேல நிறமும் எசன்சும். இது முழுக்க திராட்சை ஒயின வடிச்சது, 8லருந்து 10 சதவீதம் இருக்கிற புளிச்ச வெள்ளை ஒயினு. மருந்துன்னு பாத்தா அர்மன்யாக்குக்கும் அந்த பேரு உண்டு, 1310ல விதால் து ஃபூர்னு ஒரு பாதிரியார் இதுக்கு 40 நற்குணம் இருக்குன்னு எழுதி வெச்சிருக்காரு. சளிக்கு 1976 வேண்டாம், அவ்வளவுதான்.

தூலூஸ்வாசி:
மக்களே திறந்தாச்சு! அண்ணன் வந்து நேத்து ராத்திரி சாப்பாடு முடிச்சு உக்காந்தோம். கார்க் பாதில உடைஞ்சுது, யாழ் அண்ணை சொன்னபடி வடிகட்டி எடுத்தோம், ரொம்ப நன்றி அண்ணை. தோட்டக்காரருக்கும் போன் பண்ணேன், 2006 வரைக்கும் மரம்தான், ஜாடிக்கு மாத்தலன்னு சொன்னாரு, முக்காவாசி பாக்கோ, மீதி யூனி பிளாங்ங்கற திராட்சைன்னாரு.

ஊத்தின உடனே எனக்கு ஸ்பிரிட் நெடி மட்டும்தான் வந்துச்சு, ஏமாந்துட்டமோன்னு இருந்துச்சு. அரை மணி நேரம் விட்டுட்டு வந்தா அதே கிளாஸ்தானான்னு சந்தேகமே வந்துடுச்சு. முதல்ல உலர்ந்த பிளம்ஸ், அப்புறம் ஆரஞ்சுத் தோல், பழைய மர அலமாரி. இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு வாசனை வந்துச்சு பாருங்க, எனக்கு பேரு தெரியல, வால்நட்டோட அந்த கசப்பு தோலு, காளான், கூடவே செக்குல எண்ணெய் ஆட்டும்போது பக்கத்துல நின்னா வருமே அந்த கனமான எண்ணெய் வாசனை. குடிச்சா இனிப்பு இல்ல, துவர்ப்பு நாக்கு ஓரத்துல புடிக்குது, ஆனா வாசனை தொண்டைல ரொம்ப நேரம் நிக்குது. அண்ணன் ஒண்ணுமே பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு கேட்டான்.

அந்த எண்ணெய் வாசனை என்னது? கெட்டுப் போனதா இருக்காதே?

பீப்பாய்காரன்:
கெட்டுப் போறதா! அதுக்காகத்தான்யா இத்தன வருஷம் மரத்துல வைக்கிறதே! அதுக்கு பேரு ரான்சியோ. திராட்சைலயும் ஈஸ்ட்லயும் இருந்து வந்த கொழுப்பு அமிலங்க காத்து பட்டு பட்டு மெதுவா உடைஞ்சு கீட்டோன்ங்கற வாசனைப் பொருளா மாறும், அந்த வாசனைதான் வால்நட், காளான், எண்ணெய்னு மூக்குக்கு தெரியுது. வருஷக்கணக்கா மரத்துல இல்லாம வராது, கேரமல் சேர்த்து நிறத்த கருப்பாக்கலாம், மரச் சக்கைய கொதிக்க வெச்ச சாறு சேர்த்து துவர்ப்ப ஏத்தலாம், ரெண்டுக்கும் சட்டத்துலயே இடம் இருக்கு, ஆனா ரான்சியோவ அந்த மாதிரி சேர்க்க முடியாது. அதனால வயச நிறத்த வெச்சு எடை போடாதீங்க, மூக்க வெச்சு போடுங்க. பழக்கம் இல்லன்னு சொன்னீங்க, முதல் பாட்டில்லயே அத புடிச்சிருக்கீங்க, எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு.

ரெண்டு_விரல்:
நான் சொன்ன 60 வருஷ கணக்க விட்டுடுங்க, பீப்பாய்காரர் சொன்னது புரிஞ்சுது. மீதி பாட்டில எவ்வளவு நாள் வைக்கலாம்?

யாழ்_பாரிஸ்:
போத்தல் அரைவாசிக்கு மேல இருந்தால் மாசக்கணக்கில நிக்கும், புதுக் கார்க்கை இறுக்கி, இருட்டில, நிமித்தி. அரைவாசிக்குக் கீழ இறங்கினால் உள்ளுக்க காத்துக் கூடி மணம் மெலிஞ்சு போகும், அப்ப சின்னப் போத்தல் ஒண்டை நல்லாக் கழுவிக் காயவைச்சு அதில விளிம்பு மட்டும் ஊத்தி வையுங்கோ. குடிச்ச கிளாசை உடன கழுவ வேண்டாம் தம்பி, அடுத்த நாள் காலமை வெறுங் கிளாசை மணந்து பாருங்கோ, சாராயம் பறந்துபோய் புகையிலையும் தேனும் மாதிரி ஒரு மணம் நிக்கும். வேலை முடிஞ்சு கிளாஸ் கழுவப் போகேக்க நான் எப்பவும் மணந்து பாக்கிறனான்.

கோவை_கீதா:
என் வீட்டுக்காரர் 1990. பாரிஸ்ல இருந்து தோழி வர்றா, ஒரு பாட்டில் கொண்டு வரச் சொல்லலாம்னு இருக்கேன். 1990ன்னு போட்டிருந்தா கண்ண மூடிட்டு வாங்கிடலாமா?

பீப்பாய்காரன்:
கண்ண மூடாதீங்கம்மா. முன் பக்கத்து வருஷத்த விட பின் பக்கத்து பாட்டில் தேதிதான் முக்கியம். அர்மன்யாக்ல வருஷம் போட்டு விக்க மரத்துல குறைஞ்சது பத்து வருஷம் இருக்கணும், அதனால 1990ன்னு ரெண்டு பாட்டில் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணு 2002ல பாட்டில் பண்ணதா இருக்கலாம், இன்னொண்ணு 2020ல. முதல்ல இருக்கறது 11 வருஷத்து பிராந்தி, ரெண்டாவது 29, ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். தேதி போடலன்னா கடைக்காரர கேக்கச் சொல்லுங்க, சொல்ல மறுத்தா வேற கடை பாக்கச் சொல்லுங்க.

பா-அர்மன்யாக்னு பகுதி பேரு இருக்கணும், 42, 44, 46ன்னு வலு கொஞ்சம் கூட இருந்தா எனக்கு பிடிக்கும். மரம் தூக்கலா இருக்கறது பிடிக்காதவங்கன்னா 20 வருஷம் சுத்துல எடுங்க, வயசு கூடக்கூட நல்லதுன்னு கிடையாது, 40 தாண்டினதுல கசப்பு மேல நிக்கறதும் உண்டு. இந்தியாவுக்குள்ள ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் வரைக்கும் வரி இல்லாம கொண்டு வரலாம், 70 சென்டிலிட்டர் பாட்டில் ஒண்ணுக்கு பிரச்சினை வராது. பெட்டில படுக்க வெச்சு வர்றதால மூடிய சுத்தி டேப் ஒட்டி, துணி சுத்தி வைக்கச் சொல்லுங்க, வீட்டுக்கு வந்ததும் நிமுத்தி வெச்சு ஒரு வாரம் விட்டுட்டு திறங்க.